நானே மூடிய ஓடை வாய்

வசந்தாவின் வீட்டுச் சமையலறையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. சேறும் வைக்கோலும் ஊறிய வயல் தண்ணீர்.

அலுமினியக் குண்டான் ஒன்று மிதந்து வந்து என் காலில் இடித்துத் திரும்பிப் போனது. அரிசி மூட்டை, டிவி, கருவாட்டுக் கூடைகள் எல்லாம் கட்டிலின் மேல் ஏறியிருந்தன. அவற்றுக்கு நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள் வசந்தா. என்னைவிடப் பத்து வயது இளையவள். கருவாட்டு வியாபாரி. சந்தையில் பேரம் பேசிப் பழகிய குரல்.

"கடலு வரும் கடலு வரும்னு முன்னால மேடு போட்டீங்க மேடம். தண்ணி பின்னால இல்ல வந்துகினு இருக்குது? இப்ப இன்னா சொல்றீங்க?"

"ஓடை வாயத் தொறக்கணும் வசந்தா."

"மூடுனது யாரு?"

"நான்தான்" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்?

இந்தத் தொடரில் குடிநீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை என்று எதை எழுதினாலும் கடைசியில் நான் ஜெயித்துவிடுவதாகவே வருகிறது என்று வில்லியனூர் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். நியாயமான புகார்தான். இந்த வாரம் தப்பு என்னுடையது. ஆனாலும் அம்மா, இதிலும் நான் கொஞ்சம் ஜெயிக்கத்தான் செய்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் கட்டு, தையில் கலை

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் முப்பது வீடுகள். வரிசையின் வடக்கு முனையில் ஓர் ஓடை. மேற்கே வயல்வெளிகளில் வடியும் தண்ணீரெல்லாம் அந்த ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போகும். ஓடை கடலில் சேரும் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது கடைசி வீடு. அது வசந்தாவுடையது.

ஒதியம்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் அங்கே இருப்பேன். ஓவர்சியராகச் சேர்ந்து ஜூனியர் இன்ஜினியராக உயர்ந்த என் உத்தியோகத்தில் கடைசி ஏழெட்டு வருடங்கள் இந்தக் கரையும் என் பொறுப்பில் இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் வேலை ஆரம்பமாகும். வீடுகளுக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்துக்கு மணலைக் குவித்து நீளமாகக் கரை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கினால் அலை அதில் மோதி நிற்கும். காகிதத்தில் அதற்கு 'பருவகால மணல் தடுப்பு' என்று பெயர். ஊரில் எல்லோருக்கும் அது 'பண்டு'.

பார்க்கச் சின்ன வேலை மாதிரித் தெரியும். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடுகளுக்குப் பாதுகாப்பு என்று தண்ணீருக்குப் பக்கமாகவே கரையைப் போட்டேன். அமாவாசை வந்தது. ஒரே காலையில் கடல் அதை நக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அபிஷேகப்பாக்கத்து ஏழுமலை, எங்கள் ஜேசிபி டிரைவர், வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. "பொட்டியில இருந்த மணல எடுத்துக் கடலுக்குக் குடுத்துட்டீங்க மேடம்" என்றான்.

அதன் பிறகு கற்றுக்கொண்டேன். அடப்பங்கொடி படர்ந்திருக்கும் எல்லைதான் கணக்கு. வழக்கமான அலை அந்தக் கொடியைத் தாண்டாது. அதற்கு உள்பக்கம் கரை போட வேண்டும். வீட்டு முன்னால் இருக்கும் மணலைத் தொடக் கூடாது. ஓடை வாயில் சேர்ந்திருக்கும் மணலை அள்ளினால் ஓடையும் திறக்கும், கரையும் உயரும். இரண்டு வேலை ஒரே செலவில். இந்த யோசனை என்னுடையது என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் கரையைக் கலைத்துவிட வேண்டும். போட்டுகளை மேலே இழுக்க இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆமைகள்.

ஒரு வருடம் கலைக்க இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஈர மணலில் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம். கடலிலிருந்து ஏறி வந்து, எங்கள் கரையில் முட்டி, கரையோரமாகவே கொஞ்ச தூரம் நகர்ந்து, மறுபடி கடலுக்கே திரும்பியிருந்தது. முட்டையிட வந்த ஆமை இடமில்லாமல் போயிருக்கிறது. அன்று மதியமே கரையைக் கலைத்தோம். ஏழுமலை அன்று சாப்பிடக்கூட இறங்கவில்லை.

ஒரு சுவருக்காக

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

கொரோனா அடங்கிய பிறகு வந்த ஒரு மழைக்காலம். ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். கடல் மட்டும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு முன்னால் கரை நன்றாக நின்றது. ஆனால் ஓடை வாய் திறந்திருந்ததால் அலை அதற்குள் புகுந்து, உள்ளே திரும்பி, வசந்தாவின் சமையலறைச் சுவரில் போய் அடித்தது. நாங்கள் அடுக்கிய மணல் மூட்டைகளையும் மீறி மூன்றாம் நாள் சுவர் விழுந்தது. அவள் கணவன் கேரளாவில் ஒரு துறைமுகத்தில் படகு வேலைக்குப் போய் நாலு மாதமாகியிருந்தது.

"வாயையும் சேத்து மூடிடுங்க மேடம். ஓடையில தண்ணியே இல்ல. எதுக்குத் தொறந்து வச்சிக்கினு?" என்று கேட்டாள். வரிசையில் இருந்த எல்லோரும் அவளோடு சேர்ந்து கேட்டார்கள்.

ஓடையில் அப்போது கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அலையோ கண்ணெதிரில் வீட்டைத் தின்றுகொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

இரண்டு நாள் வேலை. சவுக்குக் கட்டைகளை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, அதன் மேல் மணலைக் கொட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இடைவெளியே இல்லாத ஒரே கரை. முடிந்ததும் அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் முருகையன் எனக்குச் சால்வை போர்த்தினார். வசந்தா சங்கரா மீன் வறுத்துக் கொண்டுவந்தாள்.

ஏழுமலை மட்டும் மீனைத் தின்றுகொண்டே கேட்டான். "மேலேருந்து தண்ணி வந்தா மேடம்?"

"வந்தா பாத்துக்கலாம்" என்றேன்.

முப்பது வருட உத்தியோகத்தில் நான் சொன்ன மகா முட்டாள்தனமான வார்த்தை அதுதான்.

பாப்பா, தண்ணி வடியல

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. முதல் நாள் மாலையே வாயைத் திறக்கலாம் என்று போனேன். கடல் அப்போது கரையின் தோள் வரை ஏறி நின்றது. திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். மறுநாள் ஜேசிபி வேறோர் இடத்தில் சிக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மேற்கேயிருந்து வெள்ளம் இறங்கியது. என் கரை அதைக் கடலுக்கு விடாமல் அழகாகத் தடுத்து நிறுத்தியது. முப்பது வீட்டிலும் பின்வாசல் வழியாகத் தண்ணீர்.

அதே நாளில் என் அண்ணன் தனசேகர் போன் செய்ய ஆரம்பித்தார். நான் பிறந்தது செலியமேட்டில். அண்ணன் இன்றும் அங்கேதான் பயிர் வைக்கிறார். அவருடைய நிலம் வடிவதும் இதே ஓடையில்தான்.

"பாப்பா, தண்ணி வடியல. நட்டு ஒரு மாசங்கூட ஆவல. நுனி மட்டும்தான் தெரியுது. கீழ யாரோ அடைச்சி வச்சிருக்கானுவோ போல."

"அடைச்சது நான்தாண்ணா."

 "தொறந்துடும்மா" என்றார்.

அன்று ஐந்து முறை பேசினார். ஐந்து முறையும் அதே ஒரு வார்த்தைதான்.

செலியமேட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழைக்காலத்தில் மேல்வயல்காரன் ராவோடு ராவாக வரப்பை வெட்டித் தண்ணீரைக் கீழ்வயலில் தள்ளிவிடுவதும், காலையில் இரண்டு பேரும் மண்வெட்டியோடு நிற்பதும் நான் சிறுவயதில் பார்த்ததுதான். எங்கள் அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் அப்படி ஒரு வரப்புக்காக ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்கள். பேச ஆரம்பித்தது எப்படியென்றால், இரண்டு பேரின் மாடும் ஒரே நாளில் காணாமல் போய், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் தேடப் போனார்கள். அது வேறு கதை.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "எழுத்தில் கேளுங்கள்" என்றார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எங்கே எழுதுவது?

ஏலக் கொட்டகையில்

மீன் ஏலம் போடும் கொட்டகை கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து நின்றார்கள். ஈரக் கோணிச் சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வசந்தாவும் வந்தாள். ஓடை வாயைத் திறக்கப் போகிறேன் என்றேன்.

முருகையன் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். உங்க பொறந்த வூடு செலியமேடுதானே? அங்க நெல்லு முழுவுதாமே? அதுக்காவ எங்க வூட்டு முன்னால வெட்றீங்கன்னு பசங்க பேசிக்கறானுவோ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லையே. எனவே கையிலிருந்த போனைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன்.

"நெஜம்தான். எங்க அண்ணன் காலையிலேருந்து அஞ்சு தடவ போன் பண்ணிட்டாரு. அவரு நெல்லும் முழுவுது. தொறந்தா அவருக்கும் நல்லதுதான். அத மறைச்சிக்கிட்டு உங்க முன்னால நிக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா உங்க வூட்டுக்குள்ள நிக்கிற தண்ணிக்கும் வேற வழி இல்ல. மூடுனது என் தப்பு."

 கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. வசந்தா முன்னால் வந்தாள்.

"தொறந்தா என் வூடு?"

கேள்வி அதுதான். மணல் வாயை நாம் நினைத்த அளவுக்கு வெட்டி வைக்க முடியாது. ஒரு முழம் வெட்டினால் தண்ணீர் தானே அதைப் பத்து முழம் ஆக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் அரிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் வீடோ வாயிலிருந்து இருபது அடியில்.

"போவாதுன்னு சத்தியம் பண்ண முடியாது வசந்தா. வடக்கு ஓரமா, உன் வூட்டுக்கு எவ்ளோ தூரமா முடியுமோ அவ்ளோ தூரமா வெட்டுவேன். கடல் வத்துற நேரமாப் பாத்து வெட்டுவேன். உன் பக்கம் மூட்ட அடுக்குவேன்."

"மணல் மூட்டதானே? ஒரு சுவத்தையே காப்பாத்தல அது." அவள் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. "உங்க அண்ணன் நெல்லு பொழைக்கணும்னா, அவரையே வந்து என் வூட்டப் புடிச்சிக்கினு நிக்கச் சொல்லுங்க!"

கோபத்தில் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைவிட நல்ல யோசனை அன்று முழுக்க வேறு யாரும் சொல்லவில்லை.

கொட்டகையிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, தொறக்கறேன். ஆனா இங்க ஒரு வூடு இருக்கு. அது நின்னாதான் தொறப்பேன். நாளைக்குக் காலையில ஆளுங்களோட வா. சாக்கு கொண்டா. மணல் நிக்காது, களத்து மேட்டுக் களிமண்ணா அள்ளிக்கிட்டு வா."

"எத்தினி மூட்ட?" என்று மட்டும் கேட்டார்.

களிமண்ணும் பழைய வலையும்

மறுநாள் காலை எட்டரை மணிக்கு இரண்டு டிராக்டர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குப்பத்துக்குள் வந்தன. பெட்டி நிறைய உரச் சாக்கில் கட்டிய களிமண். மேலே நனைந்துகொண்டு பன்னிரண்டு பேர். முதல் ஆளாக என் அண்ணன் இறங்கினார். அறுபது வயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பில்லை.

"எந்த வூடு?"

வசந்தா கையைக் காட்டினாள். அண்ணன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விழுந்த சுவரைப் பார்த்தார். அங்கே கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கி உள்ளே கட்டில் மேலிருந்த கூடைகளைப் பார்த்தார்.  வெளியே வந்து, "இன்னாடா பாத்துகினு நிக்கறீங்க? எறக்குங்கடா" என்று தன் ஆட்களை அதட்டினார்.

மடை அடைப்பதில் வயல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரிசை மூட்டை, அதன் மேல் வைக்கோல், அதன் மேல் குறுக்காக அடுத்த வரிசை, காலால் மிதித்து மிதித்து. வசந்தாவின் வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுந்தது. குப்பத்துப் பையன்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக மூட்டை தூக்க வந்தார்கள்.

முருகையன் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது தனித்தனியா கீது. தண்ணி ஒண்ண உருவுனா எல்லாம் உருண்டுடும்" என்றார். எனக்கும் அந்தக் கவலைதான். அவர் போய்த் தன் வீட்டிலிருந்து கிழிந்த பெரிய வலை ஒன்றை நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூட்டைச் சுவரின் மேல் அதைப் போர்த்தி, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையில் இழுத்துக் கட்டினார்கள். எந்த இன்ஜினியரிங் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. பார்த்ததும் பிடித்துவிட்டது.

அமாவாசைக்கு மறுநாள் அது. மதியம் மூன்று மணி வாக்கில் கடல் நன்றாக வற்றும். இரண்டே முக்காலுக்கு ஏழுமலையைப் பார்த்துத் தலையசைத்தேன்.

வடக்கு ஓரத்தில் மூன்று வாளி மணல்தான் எடுத்தான். நூல் மாதிரித் தண்ணீர் கசிந்தது. அடுத்த வாளியில் ஒரு சாண். அதன் பிறகு ஜேசிபி தேவைப்படவில்லை. கரை தானாகவே பெரிய பெரிய துண்டுகளாக இடிந்து விழ ஆரம்பித்தது. "வண்டிய எடு, எடு!" என்று நான் கத்துவதற்குள் ஏழுமலை பின்னால் வந்துவிட்டான்.

கால் மணி நேரம் எல்லாம் நான் நினைத்தபடியே போனது. பிறகு தண்ணீர் தெற்கே திரும்பியது.

வாடைக் காற்றில் வந்த அலைகள் வடக்கு ஓரத்தில் மணலைக் கொண்டுவந்து சேர்க்க, வேகமெல்லாம் வசந்தாவின் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. முதலில் அவளுடைய தென்னை மெதுவாகக் குனிந்து ஓடையில் படுத்தது. அடுத்து, தனியாகக் கட்டியிருந்த பாத்ரூம் கதவோடும் தகரக் கூரையோடும் ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளே போனது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு அடுத்தது களிமண் சுவர்.

தண்ணீர் அடியில் குடைந்தது. கீழ் வரிசை இறங்கியது. மூட்டைகள் நகர்ந்தன, ஆனால் உருண்டு ஓடவில்லை. வலை அவற்றை ஒரே பொதியாகப் பிடித்துக்கொண்டு, அரித்த பள்ளத்திலேயே உட்கார வைத்தது. "மேல போடு, மேல போடு!" என்று அண்ணன் கத்தினார். மிச்சமிருந்த மூட்டைகள் அத்தனையும் கை மாறி மாறி வந்து விழுந்தன. அந்த வரிசையில் யார் எந்த ஊர் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. என் முறைக்கு வந்த மூட்டையை நானும் தூக்கினேன். ஒரு வாரம் இடுப்பு வலித்தது.

நாலேகாலுக்குச் சுவர் நின்றுவிட்டது. இறங்குவதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஓடை தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொண்டு அமைதியாகக் கடலுக்குப் போனது. தெருவில் தண்ணீர் இறங்கி, சுவர்களில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வீடு நின்றது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குத் தாழ்வான நிலத்துப் பயிர் அழுகிவிட்டது, மேட்டுப் பயிர் பிழைத்தது. எனக்கு மெமோ வந்தது. யாரைக் கேட்டு மூடினீர்கள், யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு 'என் தவறு' என்று ஒரே வரி எழுதினேன். இரண்டாவதற்கு மூன்று பக்கம் எழுதினேன், படத்தோடு. அடுத்த வருடத்திலிருந்து ஓடை வாய் மழைக்காலம் முழுவதும் திறந்தே இருக்கும், கடைசி வீட்டுப் பக்கம் களிமண்ணும் வலையும் வைத்துக் கட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே சேர்த்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

அன்று மாலை, வேலை முடிந்து எல்லோரும் மிச்சக் கரையின் மேல் நின்றோம். நீலக் கடலுக்குள் நீளமாக ஒரு மண் நிறச் சாலை போட்ட மாதிரி ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதில் வைக்கோலும், வேரோடு பெயர்ந்த நாற்றுக் கொத்துகளும் மிதந்தன. அண்ணன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எங்க நடவு போவுது பாரு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பக்கத்தில் நின்ற வசந்தா எட்டிப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் மரச்சட்டத்தோடு ஒரு தகரக் கூரை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தொணைக்கு என் பாத்ரூமும் போவுதுண்ணா" என்றாள்.

முதலில் சிரித்தது என் அண்ணன்தான்.